பட்டியல் அழகாகிவிட்டது, பாடம்தான் கிடைக்கவில்லை

கேள்வி: மூன்று வருடமாக ஓர் இணையவழிப் பள்ளியில் பாடங்கள் வாங்கிப் படித்து வருகிறேன். முன்பு அவர்களுடைய பாடப்பட்டியல் ஒரே நீளப் பக்கமாக இருக்கும். துறைவாரியாகப் பெயர், நிலை, எத்தனை மணி நேரம், கட்டணம் எல்லாம் ஒரே வரியில் தெரியும். போன மாதம் மாற்றிவிட்டார்கள். இப்போது பெரிய பெரிய படங்களோடு கார்டுகள். போனில் ஒரு திரைக்கு ஒன்றரை கார்டுதான் தெரிகிறது, தலைப்பும் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கிறது. 'தரவுப் பகுப்பாய்வுக்கான புள்ளியியல்...' என்று இரண்டு கார்டுகள் இருந்தன. எது முதல் பகுதி என்று தெரியாமல் இரண்டாம் பகுதியை வாங்கிவிட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? ஆண்டுச் சந்தாவுக்கு மாறச் சொல்கிறார்கள், மாறலாமா? எனக்குத்தான் புதிய தளங்களைப் பயன்படுத்தத் தெரியவில்லையோ என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையது அல்ல. இரண்டு பாடங்களை வேறுபடுத்திக் காட்டும் சொல் தலைப்பின் கடைசியில் இருந்தால், சின்னத் திரையில் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான். 'பகுதி 2' என்பதை முன்னால் போட்டிருக்கலாம், இல்லாவிட்டால் தலைப்பை அடுத்த வரிக்கு மடங்க விட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

பணத்தை இன்றே கேளுங்கள். பதில் வரும்வரை அந்தப் பாடத்தில் ஒரு வீடியோவைக்கூடத் திறக்க வேண்டாம். உடெமி என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் பாடத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டால் மறுக்க இடமிருக்கிறது. உங்கள் பள்ளியின் விதியில் எத்தனை நாள், எவ்வளவு பார்க்கலாம் என்று படித்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்பே அந்த இரண்டு கார்டுகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே தலைப்பைச் சரிசெய்துவிட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்காது. பணத்துக்குப் பதிலாக முதல் பகுதியை மாற்றிக் கொடுத்தாலும் சம்மதம் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதியதில் 'ஒரே வரியில்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாடம் தேர்ந்தெடுப்பது என்பதே நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை. தளங்களும் மென்பொருளும் பயன்படுத்த எளிதாக இருப்பது பற்றி அத்துறை நிபுணர் யாக்கோப் நீல்சன் 1994-ல் வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, பயனர் கண்ணால் பார்த்து அறியும்படி இருக்க வேண்டும், நினைவில் சுமக்க வைக்கக் கூடாது என்கிறது. கார்டில் படம் மட்டும் இருந்து, மணி நேரமும் கட்டணமும் உள்ளே போனால்தான் தெரியும் என்றால், ஒவ்வொன்றாகத் திறந்து மனப்பாடம் செய்துகொண்டுதான் ஒப்பிட முடியும். அதற்கும் முன்பே, 1931-ல், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. பாடப்பட்டியலும் ஒரு நூலகப் பட்டியல்தான். அதை விளம்பரப் பலகைபோல வடிவமைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எனக்கும் வேறொரு பள்ளியில் இதே அவஸ்தை. 'தொடக்க நிலை', 'பத்து மணி நேரத்துக்குள்' என்று ஃபில்டர் போட்டு, 'மேலும் காட்டு' பொத்தானை மூன்று முறை அழுத்தி, ஒரு பாடத்தைத் திறந்து பார்த்தேன். பின்னால் வந்தால் ஃபில்டர் எல்லாம் அழிந்து பட்டியல் மறுபடி உச்சியில் நிற்கிறது. அன்றிலிருந்து பட்டியலை விட்டு வெளியேறாமல், ஒவ்வொரு பாடத்தையும் புது டேப்பில் திறக்கிறேன். போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் அந்த வசதி வரும். நீங்களும் செய்து பாருங்கள்.

சரி, சந்தா. பணம் கட்டுவதற்கு முன் இந்த வருடம் உண்மையிலேயே படிக்கப்போகும் மூன்று பாடங்களைத் தாளில் எழுதுங்கள். போனிலேயே அவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மொத்த நேரம், முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், சந்தாவுக்குள் அடங்குமா என்ற நான்கும் தெரிய வேண்டும். கடைசிக் கேள்விதான் ஆளை ஏமாற்றுவது. சந்தாவில் சேராத பாடங்களும் அதே பட்டியலில் கலந்து கிடக்கலாம். இதில் எதுவானாலும் பணம் கட்டிய பிறகுதான் தெரியும் என்றால் ஆண்டுச் சந்தா வேண்டாம். மாதச் சந்தா இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பட்டியலை மாற்றிய பிறகு நான் குறித்து வைத்திருந்த ஒரு பாடத்தையே காணோம். எடுத்துவிட்டார்களா?

பதில்: உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். மறுவடிவமைப்பில் பாடத்தின் பெயரோ துறையோ மாறியிருக்கலாம். முதலில் எல்லா ஃபில்டரையும் நீக்கிவிட்டு, பெயரில் ஒரே ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள். அப்புறம் கூகுளில் பள்ளியின் பெயரையும் பாடத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள், பட்டியலில் தெரியாத பக்கம் அங்கே அகப்படுவதுண்டு. பழைய பக்கத்தின் முகவரி கையில் இருந்தால் பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போடுங்கள். அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டிருந்தால் பாடத்தின் முழுப் பெயரும் ஆசிரியர் பெயரும் கிடைக்கும். ஆசிரியர் பெயரை வைத்துப் பள்ளியின் தளத்தில் தேடுங்கள், பாடத்தின் பெயர் மாறியிருந்தாலும் அவர் பெயர் மாறியிருக்காது.