விமானம் கிளம்பிய பிறகு ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ், அதாவது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கு விமானக் கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதி, கிடைக்காவிட்டால் பைலட் என்ன செய்வார்?

மேகத்துக்குள் போகாமல் கீழேயே சுற்றுவார், இல்லையென்றால் திரும்பி வந்து இறங்குவார். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

கலிஃபோர்னியா கடலோரத்தில் ஒரு ஜூன் மாதக் காலை. வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற சின்ன விமானம், பக்கத்து சீட்டில் மச்சினன். அந்த மாதத்தில் அங்கே காலையில் தாழ்வாக மேகம் மூடிவிடும். அதைத் தாண்டி மேலே போனால் பளீரென்று வெயில். ஆனால் மேகத்துக்குள் நுழையவே அந்த ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ் வேண்டும். கட்டுப்பாட்டு டவர் இல்லாத சின்ன விமான நிலையம் அது. போனில் கேட்டே வாங்கியிருக்கலாம். 'மேலே போய் ரேடியோவில் கேட்டுக்கலாம்' என்று சோம்பேறித்தனமாகக் கிளம்பிவிட்டேன்.

மேலே போய்க் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டதும் "ஸ்டாண்ட்பை" (காத்திருங்கள்) என்றார். அப்புறம் பத்து நிமிஷம் அவர் ஜெட் விமானங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நடுவில் ஒரு வார்த்தை பேச எனக்கு இடமில்லை. மேகத்தின் கீழ்ப்பகுதி 2000 அடி உயரத்தில். அதற்கு 500 அடியாவது கீழே இருக்க வேண்டும். ஊருக்கு மேலே 1000 அடிக்குத் தாழவும் கூடாது. அந்தச் சந்துக்குள்ளேயே வட்டமடித்தேன். "மாமா, இந்த வாட்டர் டேங்கை மூணாவது தடவையா பாக்குறோம்" என்றான் மச்சினன். கடைசியில் இறங்கி, போன் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் அனுமதி வந்தது, இத்தனை மணிக்குள் கிளம்பாவிட்டால் செல்லாது என்ற நிபந்தனையோடு.

கட்டுப்பாட்டாளர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தாழப் பறக்கும் விமானம் மலை மறைத்து ரேடாரில் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், அவர்கள் அனுமதி தரக்கூடிய குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இருந்தால், "அந்த உயரம் வரும்வரை மலை, கட்டடங்களை நீங்களே பார்த்துத் தவிர்த்துக்கொள்ள முடியுமா?" என்று முதலில் கேட்பார்கள். பகலில் அதற்குச் சரி என்று சொல்லிவிடலாம்.

இரவில்தான் சிக்கல். சான் டியேகோவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி பிரவுன் ஃபீல்ட் என்றொரு விமான நிலையம். 1991 மார்ச் 16 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பாடகி ரீபா மெக்கென்டயரின் இசைக்குழுவை ஏற்றிக்கொண்டு ஒரு ஜெட் இதே மாதிரி கிளியரன்ஸ் வாங்காமல் கிளம்பியது. குறித்த நேரத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அவர்கள் முன்பே கொடுத்திருந்த ஃபிளைட் பிளான் (பயணத் திட்டம்) காலாவதியாகியிருந்தது. கட்டுப்பாட்டாளர் விவரங்களை மறுபடி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே விமானம் ஒட்டாய் மலையில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். 2004 அக்டோபரில் அதே நிலையத்திலிருந்து, அதே மாதிரி இரவில் கிளம்பிய ஒரு லியர்ஜெட் அதே மலையில் மோதி 5 பேர் போனார்கள். அந்த இருட்டில் மலை இருப்பதே தெரியாது.

பகலில், பழகிய ஊரில், மேகம் உயரமாக இருந்தால் இன்னமும் நான் மேலே போய்க் கேட்பதுண்டு. ராத்திரி, பக்கத்தில் மலை என்றால் போனில் அரை மணி நேரம் காத்திருக்க வைத்தாலும் தரையிலேயே வாங்கிக்கொள்வேன்.