கோடைப் பகலில் மரத்தில் கேட்கும் இரைச்சலும் ராத்திரி வீட்டைச் சுற்றிக் கேட்கும் 'கிரீச் கிரீச்'சும் ஒரே பூச்சியா?

இல்லை. கிராமத்தில் இரண்டையுமே சில்வண்டு என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது.

சித்திரை, வைகாசி வெயிலில் மரத்திலிருந்து இரைவதுதான் சில்வண்டு. ஆண் பூச்சியின் வயிற்றில் இரு பக்கமும் விறைப்பான சவ்வு உண்டு. தசை இழுத்தால் உள்ளே மடங்கும், விட்டால் 'டக்'கென்று மீளும். நொடிக்கு 100 தடவைக்கு மேல் இப்படி நடப்பதால் நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. வயிற்றுக்குள் பெரும்பகுதி காற்றுதான். குடம் மாதிரி ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும்.

ராத்திரிக் குரல் சுவர்க்கோழியுடையது. அதுவும் ஆண்தான். ஒரு முன்சிறகின் அடியில் அரம் போல நுண்ணிய பற்கள் இருக்கும், இன்னொரு சிறகின் விளிம்பு அதில் உரசும். தண்ணீர்த் தொட்டி இடுக்கில் டார்ச் அடித்து, அசையாமல் காத்திருந்து பாருங்கள். சிறகைச் சற்றே தூக்கி வைத்து அது நடுங்குவது தெரியும். அவ்வளவு அழகு! அதைக் கேட்டு வரும் பெண்ணுக்குக் காது முன்னங்கால்களில் இருக்கிறது.

மார்கழியில் இதே குரல் மெதுவாகிவிடும். பூச்சியின் உடல்சூடு வெளிக்காற்றைப் பொறுத்தது, குளிரில் தசை வேகம் குறையும். சத்தத்தை எண்ணி வெப்பநிலையைக் கணக்கிடும் சூத்திரத்தையே அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897இல் வெளியிட்டார்.

அப்புறம், மழை பெய்து மண் இளகியதும் தரைக்குள்ளிருந்து வரும் நீண்ட 'ர்ர்ர்' பிள்ளைப்பூச்சியுடையது. வளையின் வாயைக் குழல்போல விரித்துத் தோண்டி, உள்ளே உட்கார்ந்து கூப்பிடும். கிட்டே போய்க் காலடி அதிர்ந்தால் சட்டென்று நின்றுவிடும்.