அலுவலகத் தொலைபேசியில் யாருக்கு எந்த அனுமதி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நாற்பது எக்ஸ்டென்ஷன்கள் (உள் இணைப்பு எண்கள்) உள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பணியை வைத்துக் குழுக்களாகப் பிரியுங்கள். ஆளைப் பார்த்துக் கொடுத்த அனுமதி, அவர் துறை மாறிய பிறகும் அவருடனேயே தங்கிவிடும். சில மாதங்கள் கழிந்தால் அதை எதற்காகக் கொடுத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அலுவலகத்துக்குள் மட்டும், உள்ளூர், நாடு முழுவதும், வெளிநாடு என நான்கு நிலைகள் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். அலுவலகத் தொலைபேசி மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கில் இதைக் கான்டெக்ஸ்ட் (ஓர் அழைப்பு எந்த எண்களை அடையலாம் என்ற விதித் தொகுப்பு) மூலமும், அதே வகை மென்பொருளான சிஸ்கோ கால் மேனேஜரில் பார்ட்டிஷன் (எண்களின் தொகுதி), காலிங் சர்ச் ஸ்பேஸ் (ஒரு தொலைபேசி அழைக்கக்கூடிய தொகுதிகளின் பட்டியல்) ஆகியவற்றின் மூலமும் அமைப்பார்கள். எந்த நிலையாக இருந்தாலும், வரவேற்பறைத் தொலைபேசி உட்பட எல்லாவற்றிலிருந்தும் அவசர உதவி எண்களை அழைக்க முடிய வேண்டும். அந்த அழைப்புகளுக்கு பின் எண் (PIN எனும் ரகசிய எண்) கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு அழைப்பை எல்லோருக்கும் தடுத்துவிட்டோம். ஆனாலும் இரவு நேர வெளிநாட்டு அழைப்புகள் கட்டணப் பட்டியலில் வருகின்றன. எப்படி?

பதில்: நேரடியாக எண்ணைச் சுழற்றுவதை மட்டும் தடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கால் ஃபார்வர்டிங் வேறு வழி. ஓர் எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டு, வெளியிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷனை அழைத்தால், வெளியே செல்லும் இரண்டாவது அழைப்பின் கட்டணம் உங்கள் தலையில் விழும். சிஸ்கோவில் ஃபார்வர்டிங்குக்கென்றே தனி காலிங் சர்ச் ஸ்பேஸ் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதையும் உள்ளூர் அளவில் நிறுத்துங்கள். வெளியிலிருந்து அழைத்து அலுவலக இணைப்பின் வழியே மீண்டும் வெளியே பேச உதவும் டிசா வசதி தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். 1234 போன்ற பின் எண்ணுடன் கிடக்கும் வாய்ஸ் மெயில் பெட்டிகளையும் சோதியுங்கள். சில அமைப்புகளில் அந்தப் பெட்டிக்குள் இருந்தபடியே வெளியே அழைக்க முடியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று: வெளியிலிருந்து வரும் அழைப்புகள் நுழையும் கான்டெக்ஸ்டுக்குள், வெளியே செல்லும் வழித்தடங்களையும் சேர்த்துவைத்திருப்பது. அப்படி இருந்தால், முன்பின் தெரியாதவர்களும் உங்கள் செலவில் பேசலாம். இன்றே அதைத் திறந்து பாருங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் வெளிநாட்டு வழித்தடத்தை மூடிவைப்பதும், தொலைபேசிச் சேவை நிறுவனத்திடம் செலவுக்கு உச்சவரம்பு கேட்டு வாங்குவதும், மற்றவை தவறினாலும் இழப்பைக் குறைக்கும்.

கேள்வி: வரவேற்பாளர் விடுமுறை அறிவிப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஆஸ்டரிஸ்க்கை உலாவி வழியே நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ்ஸில், குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் காட்டும் தனிக் கணக்கை அவருக்கு உருவாக்கலாம். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்தினால், மாற்றத்தைச் செய்தவர் யார் என்பது பதிவேட்டில் தெரியாது.

கேள்வி: குழுத் தலைவர்கள் நடக்கும் அழைப்புகளைக் கேட்க விரும்புகிறார்கள்.

பதில்: கேட்பது மட்டும், ஊழியருக்கு மட்டும் கேட்கும்படி பேசுவது, இருவருடனும் சேர்ந்து பேசுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு அனுமதிகள், மூன்றையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். நடக்கும் அழைப்பைக் கேட்க உதவும் ஆஸ்டரிஸ்க்கின் சான்ஸ்பை வசதியில் குழுப் பெயரைக் குறிப்பிட்டால், தலைவர் தம் குழுவின் அழைப்புகளை மட்டுமே கேட்க முடியும். அந்த வரம்பை வைக்காமல், அதற்காகத் தொலைபேசியில் அழுத்தும் குறியீட்டை மட்டும் திறந்துவிட்டால், அதை அறிந்த எந்த ஊழியரும் மேலாளரின் உரையாடலைக்கூடக் கேட்கலாம். பேசுவோருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது உட்பட, உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தெரிவிக்காமல் கேட்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஒருவர் வேலையை விட்டுச் சென்றால் எக்ஸ்டென்ஷனை நீக்கினால் போதுமா?

பதில்: எண்ணை உடனே நீக்க வேண்டியதில்லை; வாடிக்கையாளர்கள் அதற்கு அழைத்துக்கொண்டிருப்பார்கள். அன்றே மாற்ற வேண்டியது எஸ்ஐபி கடவுச்சொல், அதாவது அந்த எக்ஸ்டென்ஷன் உங்கள் அமைப்பில் பதிவாகப் பயன்படும் கடவுச்சொல். அவருடைய கைப்பேசியில் உள்ள சாஃப்ட்போன் செயலி (கைப்பேசியையே அலுவலகத் தொலைபேசியாகப் பயன்படுத்த உதவுவது), அதை மாற்றும்வரை உங்கள் ஊழியராகவே பதிவாகும். அத்துடன் அவர் வைத்திருந்த ஃபார்வர்டிங்கை நீக்கி, வாய்ஸ் மெயில் பின் எண்ணை மாற்றி, அழைப்புகளை அடுத்துப் பொறுப்பேற்பவருக்குத் திருப்பிவிடுங்கள்.