மகனுக்கு ஒரே இடம் கேட்டுக் கோச்சிடம் போகலாமா?

வணக்கம் அம்மா. டெக்சஸில் பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனைப் பள்ளி பேஸ்பால் கோச் ஒரு வாரம் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில்) நிறுத்துகிறார், அடுத்த வாரம் மைதானத்தின் இடது பின்பக்கமான லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்புகிறார். "எதற்கும் லாயக்கில்லை என்றுதானே இப்படி அலைக்கழிக்கிறார்கள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் போய் ஒரே இடமாகக் கேட்டு வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள்.

இப்போதைக்குப் போக வேண்டாம். அதற்கு முன் அல்ஃப்ரெடோ அமேசகா என்கிற மெக்சிகோ ஆட்டக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அமேசகா 1978-ல் சொனோரா மாநிலத்தின் சியுடாட் ஒப்ரெகோன் நகரில் பிறந்தவர். மெக்சிகோ என்றாலே நமக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வடமேற்குப் பகுதியில் பேஸ்பால்தான் உயிர். அமெரிக்கா வந்தவர் பெரிய பல்கலைக்கழகத்தில் சேரவில்லை. ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) ஆடினார். 1999 டிராஃப்டில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 13-வது சுற்றில்தான் அனாஹைம் ஏஞ்சல்ஸ் அவரை எடுத்தது. எடுத்தது ஷார்ட்ஸ்டாப்பாக. இதை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

2002-ல் பெரிய லீக்குக்கு, அதாவது உச்ச நிலையான மேஜர் லீக்குக்கு, வந்துவிட்டார். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பில் டேவிட் எக்ஸ்டீனும் செகண்ட் பேஸில் ஆடம் கென்னடியும் அசைக்க முடியாமல் இருந்தார்கள். கிடைத்த இடத்தில் கிடைத்த அன்று ஆடினார். 2005 அவருக்கு மோசமான ஆண்டு. கொலராடோ, பிட்ஸ்பர்க் என்று ஒரே வருடத்தில் இரண்டு அணிகளின் சட்டையைப் போட்டார். இரண்டிலும் சேர்த்து விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்டங்கள். நீங்கள் அவருடைய அம்மாவாக இருந்திருந்தால் அந்த வருடம் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

அதே நேரத்தில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணி செலவைக் குறைக்கிறேன் என்று முக்கிய ஆட்டக்காரர்களை வரிசையாக விற்றுக்கொண்டிருந்தது. மைதானத்தின் பின்பக்க நடுவான சென்டர் ஃபீல்டில் நின்ற ஹுவான் பியரும் சிகாகோவுக்குப் போய்விட்டார். மார்லின்ஸில் சேர்ந்த அமேசகாவை 2006-ல் அந்தக் காலி இடத்தில் அதிகம் நிறுத்தினார்கள். அதுவரை பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டையே பிழைப்பாக வைத்திருந்தவர் அவர். இன்ஃபீல்டில் பந்து தரையில் உருண்டு வரும், எடுத்து எறிய ஒரு நொடிகூடக் கிடைக்காது. சென்டர் ஃபீல்டில் மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே முதல் அடியை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். கிளவுஸ்கூட வேறு: ஷார்ட்ஸ்டாப்புக்குச் சின்னது, பந்து சட்டென்று கைக்கு வர வேண்டும். அவுட்ஃபீல்டுக்கு ஒரு அங்குலத்துக்கும் மேல் பெரியது, எட்டிப் பிடிக்க வேண்டும். உங்கள் மகனின் பையில் இரண்டு கிளவுஸ் இருந்தால் அது வீண்செலவு இல்லை அம்மா.

அந்த ஆண்டு அமேசகா 20 பேஸ் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். நான்கு சீசன்கள் மார்லின்ஸில் நிலைத்தார். பிட்சர் (பந்து வீசுபவர்), கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பிடிப்பவர்) தவிர மற்ற ஏழு இடங்களிலும் பெரிய லீக்கில் நின்றவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. மட்டையில் அவர் பெரிய புலி இல்லை. மெக்சிகோ தேசிய அணிக்கும் ஆடினார்.

இப்படி ஒருவர் அணிக்கு ஏன் தேவை? கணக்கைப் பாருங்கள். இன்று பெரிய லீக் அணியில் 26 பேர். அதில் 13 பேர் வரை பிட்சர்கள். மீதி 13-ல் ஒன்பது பேர் ஆடுகிறார்கள், ஒருவர் மாற்றுக் கேட்சர். மிச்சம் மூன்றே பேர், அவர்கள்தான் ஏழு இடங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்று பல இடம் தெரிந்தவனுக்குத்தான். 2022 முதல் இவர்களுக்கென்று, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதில் தனிப் பிரிவே வைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆனால் டிராஃப்டில் யாரையும் "எல்லா இடத்துக்கும் ஆவான்" என்று தேடுவது அரிது. ஷார்ட்ஸ்டாப்பாக எடுத்து, பிறகுதான் பரப்புவார்கள். அங்கே நிற்கத் தெரிந்த கையும் காலும் மற்ற இடங்களுக்குப் பழகிக்கொள்ளும். அதனால் கோச்சிடம் உங்கள் மகனே போகட்டும். "எங்கே நிறுத்தினாலும் ஆடுகிறேன், பயிற்சியில் தினமும் கொஞ்சம் ஷார்ட்ஸ்டாப் பந்து எடுக்க விடுங்கள்" என்று கேட்கட்டும். பதினாறு, பதினேழு வயதுப் பையன் தானே கேட்டால் எந்தக் கோச்சும் மதிப்பார். அம்மா வந்து கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அலைக்கழிக்கிறார்களா, நம்புகிறார்களா என்று தெரிந்துகொள்ள நீங்கள் ஒன்று கவனிக்கலாம். ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது அவனை உள்ளே விடுகிறார்களா, அல்லது முடிவு தெரிந்த பிறகுதானா? முதல் வகை என்றால் நிம்மதியாக இருங்கள். இரண்டாவது என்றால், இடத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அவனுடைய பேட்டிங்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில், 2023 ஒப்பந்தம் வந்தபோது ஏ நிலையில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 26,200 டாலர்தான். அதன் உச்சியான டிரிபிள் ஏ-யில் 35,800. பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் ஏறுவதே இல்லை. உடம்பும் எப்போதும் கூட வராது. 2009-ல் அமேசகாவின் முழங்கால் போனது, அறுவை சிகிச்சை ஆனது, 2010 முழுக்கப் பெரிய லீக்கில் ஆட முடியவில்லை. 2011-ல் கொஞ்சம் ஆடினார், அத்தோடு அங்கே முடிந்தது. அப்போது வயது 33.

அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சினலோவா மாநிலத்தின் லாஸ் மோச்சிஸ் ஊர்க்காரர் ஹுவான் காஸ்ட்ரோவைப் பாருங்கள். பேட்டிங் சராசரி .229 மட்டுமே. இருந்தும் இன்ஃபீல்டில் எங்கும் நம்பி நிறுத்தலாம் என்பதற்காகவே 17 சீசன்கள் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் ஓய்வு பெற்றதும் டாட்ஜர்ஸ் நிர்வாகத்தில் வேலை. தேசிய அணிகள் மோதும் 2019 பிரீமியர்12 போட்டியில் மெக்சிகோ அணியின் மேனேஜராக இருந்து வெண்கலமும் டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பும் வாங்கித் தந்தார். பல இடங்களில் நின்றவனுக்கு ஆட்டம் முழுசாகத் தெரியும். கோச்சிங், ஸ்கவுட்டிங், இன்று டேட்டா பகுப்பாய்வு என்று அந்த அறிவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் இவற்றில் பலவற்றுக்குப் பட்டம் கேட்பார்கள்.

அதனால் உங்கள் கவலையைக் கொஞ்சம் மார்க் ஷீட் பக்கம் திருப்புங்கள். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 10-ஐப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும், அதிலும் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில். பேஸ்பாலுக்கு முழு உதவித்தொகை அரிது, பெரும்பாலும் பல பேருக்குப் பிரித்துத்தான் தருவார்கள். நல்ல மதிப்பெண் இருந்தால் படிப்புக்கான உதவியையும் சேர்த்து வாங்கலாம். பாடக்கணக்கு இடித்தால் ஜூனியர் காலேஜ் இருக்கிறது. அமேசகா போன வழி அது, கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இந்த வாரமே பள்ளி கவுன்சிலரிடம் அவனுடைய டிரான்ஸ்கிரிப்டை (பாட, மதிப்பெண் பதிவு) வாங்கி, 10-ல் எத்தனை முடிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். மிச்சத்தைக் கோடை வகுப்பில் முடிக்க முடியுமா என்று சேர்ந்து பார்ப்போம்.