கருத்துக்கேட்பு நாளில் ஊரில் இல்லாவிட்டால்

விமான நிலைய ஓடுபாதை நீட்டிப்புக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று வெளியூரில் இருப்பதால், உங்கள் ஆட்சேபம் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே எழுத்துமூலக் கருத்துக்கும் இடம் தருகிறது. கூட்டத்துக்கு முன்பே மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எளிதாகக் கடந்துவிடுவார்கள். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பைச் சொல்லும் வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் வரைபடத்தில் இருக்கிறதா, இரவு இரைச்சலை எந்தெந்த இடத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். விடுபட்டதைப் பக்க எண்ணோடு கேளுங்கள்.

அப்புறம், வீட்டிலிருந்து யாராவது கூட்டத்துக்குப் போய் இதையே பேசட்டும். பதிவான கருத்துகளை முடிவில் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம்.