கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு, வக்கீல் நோட்டீஸ் வேறு

கேள்வி: வணக்கம் மேடம். திருநெல்வேலியில் பி.காம். படிக்கிறேன். எனக்குப் பிடித்த நடிகருக்காக யூடியூபில் ரசிகர் சேனல் நடத்துகிறேன். அவர் பிறந்தநாளுக்கு அவருடைய படக் காட்சிகளை வெட்டி ஒட்டி, பின்னணியில் ஒரு பாட்டை ஓடவிட்டு இரண்டரை நிமிட வீடியோ போட்டேன். ஆடியோ கம்பெனி ‘கிளைம்’ போட்டது. அப்புறம், தங்கை ஒரு பழைய பாட்டைப் பாட நான் கீபோர்டு வாசித்த வீடியோவுக்கு வேறொரு கம்பெனி ‘ஸ்ட்ரைக்’ கொடுத்து, வீடியோவையே தூக்கிவிட்டது. இப்போது அந்தக் கம்பெனியின் வக்கீல் 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு, கிரிமினல் வழக்கும் போடுவோம் என்று மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டு வீடியோவிலும் ‘உரிமை அனைத்தும் உரியவருக்கே’ என்று போட்டிருந்தேன். முதல் வீடியோவை மன்றத்தின் தலைமைப் பக்கமே பகிர்ந்தது. போலீஸ் வருமா? யூடியூபில் எதிர் மனு போடலாமா?

பதில்: முதலில் அந்தக் கிளைமைப் பற்றிய கவலையை விடுங்கள். அது யூடியூபின் தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டு போட்டது. பெரும்பாலும் அதன் விளைவு, விளம்பர வருமானம் கம்பெனிக்குப் போகும், வீடியோ அப்படியே இருக்கும் என்பதுதான். சேனலுக்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. நீங்கள் மறுப்புத் தெரிவித்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் மறுக்க என்ன இருக்கிறது? ஒலிப்பதிவு ஆடியோ கம்பெனியுடையது, காட்சிகள் தயாரிப்பாளருடையவை. மன்றம் பகிர்ந்தது, நாளை நடிகரே பகிர்ந்தாலும், உரிமையாளரின் அனுமதி ஆகாது. தன் படத்தின் பாட்டுக்கு நடிகரே உரிமையாளர் இல்லையே! கம்பெனி வீடியோவை விட்டுவைத்திருக்கிறது. நீங்களும் அதைக் கிளறாமல் விட்டுவிடுங்கள்.

‘உரிமை அனைத்தும் உரியவருக்கே’ என்ற வரியைப் பற்றி. எல்லா ரசிகர் வீடியோவிலும் இதைத் தாயத்து மாதிரி கட்டிவிடுகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு விலக்கு கிடையாது. போதாததற்கு இது உங்களுக்கே எதிரான சாட்சி. உரிமை இருப்பது தெரியாது, சந்தேகப்படவும் காரணமில்லை என்று நிரூபிப்பவருக்கு 55-ஆவது பிரிவு கொஞ்சம் சலுகை தருகிறது. கிரிமினல் குற்றத்துக்கும் ‘தெரிந்தே’ செய்திருக்க வேண்டும். தெரிந்தேதான் போட்டேன் என்று நீங்களே வீடியோவில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இனி போடாதீர்கள்.

30 நொடிக்குள் இருந்தால் தப்பில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி நொடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ஒரு டிவி பேட்டியில் பாடகி தன் பாட்டுகளில் சில வரிகளைப் பாடிக்காட்டியதை, அற்ப அளவிலான பயன்பாடு என்று 2012-இல் டில்லி உயர் நீதிமன்றம் விட்டதுண்டு. அது பேச்சுக்கு நடுவே வந்த சில வரிகள். உங்கள் வீடியோவிலோ பாட்டுதான் வீடியோவே. 52-ஆவது பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. ஊர் பார்க்க ஏற்றியது சொந்த உபயோகம் ஆகாது.

அடுத்தது ஸ்ட்ரைக், அதாவது உரிமையாளர் கேட்டு வீடியோவை நீக்கும்போது சேனல் மேல் விழும் எச்சரிக்கை. தங்கை குரல், உங்கள் கீபோர்டு, எல்லாம் உங்களுடையதுதான். ஆனால் மெட்டும் வரியும் உங்களுடையவை அல்ல. கவர் பாடல்களுக்கு, அதாவது ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிவதற்கு, 31சி பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு மூலப் பாட்டு பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். அதுவும் ஒலிப்பதிவுக்குத்தான், வீடியோவுக்கு இல்லை. கல்லூரி மாணவருக்கு ஆகிற கதையா இது?

ஒரு ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகும். யூடியூபின் காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டால் போதும். அந்த 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும். எதிர் மனு போடலாமா என்கிறீர்கள். அந்தப் படிவத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று சொல்வது பொய்யானால் தண்டனை உண்டு என்பதை ஏற்று உறுதி கூறுகிறீர்கள். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். இந்தியாவில் இருப்பவர், யூடியூப் அமைந்திருக்கும் கலிபோர்னியா நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்றுக்கொள்கிறார். வீடியோ திரும்பி வராமல் தடுக்கக் கம்பெனி 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆகவே கம்பெனியை வழக்குக்கு நீங்களே கூப்பிடுவது போலத்தான். உங்கள் கையில் அனுமதிக் கடிதம் இருந்தால் போடுங்கள். இல்லாதபோது வேண்டாம் தம்பி.

இனி நோட்டீஸ். இதுதான் கவனிக்க வேண்டியது. 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல்கள் மிரட்டுவதற்கு இந்த வரி வசதியாகப் போய்விட்டது. ஆனாலும் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதுதான் வழக்கமான முறை. கீபோர்டு வாசித்ததற்காக நாளைக் காலை ஜீப் வந்து நிற்கும் என்று வீட்டில் யாரும் தூங்காமல் இருக்க வேண்டாம். சிவில் வழக்கு வேறு விஷயம். கம்பெனி தொழில் நடத்தும் ஊரிலேயே அதைப் போட 62-ஆவது பிரிவு இடம் தருவதால், நீங்கள் சென்னைக்கு அலைய நேரலாம்.

உங்களுக்குச் சாதகமான புள்ளி ஒன்று இருக்கிறது. பாட்டு பழையது என்கிறீர்கள். கேசட் காலத்து ஒப்பந்தங்களில் இன்டர்நெட் பற்றி ஒரு வரியும் இருக்காது. 1994 சட்டத் திருத்தம் அமலான பிறகு எழுதிய ஒப்பந்தமாக இருந்தால், எந்தக் காலம் வரை என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு கம்பெனி சொந்தம் கொண்டாடுவது நம் சினிமாவில் புதிதும் இல்லை. எனவே இந்தப் பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் இந்தக் கம்பெனிக்கு யார், எப்போது உரிமை எழுதிக் கொடுத்தார்கள், நகல் தாருங்கள் என்று பதிலில் கேளுங்கள். 2 லட்சம் எந்தக் கணக்கு என்றும் கேளுங்கள். அந்த வீடியோவின் பார்வை எண்ணிக்கை, வருமான விவரங்களை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சேனலுக்கு வருமானமே இல்லையென்றால் அதுவே பலமான வாதம்.

பதிலை நீங்களே எழுதாதீர்கள். ‘தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள்’ என்று நடுராத்திரியில் மின்னஞ்சல் அனுப்புவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். போனில் பேரம் பேசுவதும், ‘பாதியாவது அனுப்புங்கள்’ என்றால் ஜிபேயில் அனுப்புவதும் கூடாது. வக்கீல் மூலம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், வீடியோ நீக்கப்பட்டுவிட்டது, மறுபடி ஏற்ற மாட்டோம் என்று சொல்லி, ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெறும்படி கேட்டால் பல கம்பெனிகள் அத்தோடு முடித்துக்கொள்ளும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் உங்களுக்கு இலவசம். நோட்டீஸில் தங்கை பெயரும் இருந்தால், பெண் என்பதால் அவருக்கு வருமானமே பார்க்க மாட்டார்கள். நோட்டீஸில் பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குள் போய்விடுங்கள்.