பக்கம் மாறினால் குறி மாறுமா?

வணக்கம்.

3க − 2ப = 12. இதில் ப-வை க-வின் வழியாக எழுதச் சொல்கிறது மகளின் கணக்குப் புத்தகம். ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று அந்தக் காலத்தில் படித்தபடி 3க-வை அந்தப் பக்கம் அனுப்பினேன். −2 உம் போய் +2 ஆனது. எனக்கு வந்த விடை (12 − 3க)/2. புத்தகத்திலோ (3க − 12)/2. அப்புறம், இரண்டுமே தெரியாதபோது ஒன்றை இன்னொன்றால் எழுதி என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் சொல்வதுதான் சரி. (எக்ஸ், ஒய் இல்லாமல் க, ப என்று எழுதியதும் நல்லதுதான்.) சந்தேகம் இருந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். க = 6 என்றால் உங்கள் விடைப்படி ப = −3; 18 + 6 = 24, உதைக்கிறது. புத்தகப்படி ப = 3; 18 − 6 = 12. ஆனால் க = 4 போட்டிருந்தால் இரண்டு விடையுமே 0 தந்து ஏமாற்றியிருக்கும். ஒரே எண்ணோடு சோதனையை நிறுத்தாதீர்கள்.

அந்த விதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உண்மையில் எதுவும் பக்கம் மாறுவதில்லை. இருபக்கமும் 3க-வைக் கழிக்கிறோம்; இடப்பக்கம் அது காணாமல் போகிறது, வலப்பக்கம் −3க என்று வந்து நிற்கிறது. −2ப = 12 − 3க. இதுவரை நீங்களும் சரிதான். இப்போது −2 தனி உறுப்பு அல்ல, ப-வின் கெழு; ப-வைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. பெருக்கலை நீக்க வகுக்க வேண்டும், அதுவும் குறியோடு சேர்த்து −2 ஆல். (12 − 3க)/(−2) என்பதன் மேலும் கீழும் −1 ஆல் பெருக்கினால் புத்தக விடை வந்துவிடும்.

பயனா? க ஒன்று கூடினால் ப ஒன்றரை கூடும் என்பது இந்த வடிவத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது. க + ப = 9 என்று இன்னொரு சமன்பாடும் கிடைத்தால், ப இருக்கும் இடத்தில் (3க − 12)/2 ஐப் பிரதியிடலாம்; 5க = 30 என்று ஒரே மாறியில் முடிந்துவிடும்.

வெப்பநிலையையும் பாருங்கள். செல்சியஸை 9/5 ஆல் பெருக்கி 32 கூட்டினால் பாரன்ஹீட். உங்கள் வெப்பமானி பாரன்ஹீட்டில் 98.6 காட்டினால் திரும்பி வர வேண்டும்: கடைசியில் கூட்டிய 32 ஐ முதலில் கழித்தால் 66.6, அதை 5/9 ஆல் பெருக்கினால் 37. முதலில் பெருக்கிவிட்டு 32 ஐக் கழித்தால் 23க்குக் கீழே போய்விடும். மகளிடம் இதைப் போடச் சொல்லுங்கள், வரிசை ஏன் முக்கியம் என்று அவளே சொல்லிவிடுவாள்.